மோர்வான் காடும் யோன் ஆற்றங்கரையும்: கிராவல் சைக்கிள் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில் உள்ள மோர்வான் மலைக்காட்டிலும், அங்கிருந்து வடக்கே இறங்கும் யோன், க்யூர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கிராவல் சைக்கிள், அதாவது சரளைப் பாதையிலும் தார் ரோட்டிலும் ஓடும் அகல டயர் சைக்கிள், ஓட்டக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஆல்ப்ஸ் மலை பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மோர்வானுக்கு ஆள் குறைவு. இங்குள்ள பாதைகளில் பெரும்பாலானவை சைக்கிளுக்காகப் போட்டவை அல்ல. விறகுக்காகவும் தண்ணீருக்காகவும் மாட்டுக்காகவும் வந்தவை. எந்தப் பாதை எதற்காக வந்தது என்று புரிந்துகொண்டால், அதில் எப்படி ஓட்டுவது என்பதும் கூடவே புரிந்துவிடும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே வரும்.

மோர்வான் எங்கே இருக்கிறது? மலை என்கிறீர்களே, எவ்வளவு உயரம்?

பாரிஸுக்குத் தென்கிழக்கே, சுமார் 200 முதல் 250 கி.மீ. தொலைவில். பிரான்ஸின் நடுவில் இருக்கும் பெரிய மலைத்திட்டின் வடகிழக்குக் கோடி இது. மிக உயர்ந்த இடமான ஓ-ஃபோலான் வெறும் 901 மீட்டர். 1970இல் இதை வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். உள்ளே பெரிய நகரம் எதுவும் கிடையாது.

901 மீட்டர்தானே என்று இளக்காரமாக நினைத்துவிடாதீர்கள். ஒரே ஏற்றமாக ஏறி இறங்கினால் அது சின்ன மலைதான். ஆனால் இங்கே ஓடைக்கு ஓடை இறங்கி ஏற வேண்டியிருக்கிறது. 60 கி.மீ. ஓட்டி முடிக்கும்போது மொத்த ஏற்றம் ஆயிரம் மீட்டரைத் தாண்டுவது சகஜம். அதிலும் பல ஏற்றங்கள் குட்டையானவை, செங்குத்தானவை.

என்னிடம் கிராவல் சைக்கிள் இல்லை. சாதாரண ஹைபிரிட் போதுமா?

இந்தப் பகுதியின் நிவெர்னே படகுக் கால்வாய்க் கரைக்குத் தாராளமாகப் போதும். காட்டுக்குள் போவதென்றால் டயர்தான் முடிவு செய்யும். 40 மி.மீ. அகலமாவது உள்ள, பக்கவாட்டில் கொஞ்சம் பல் இருக்கிற டயர் மாட்ட இடம் இருந்தால் எந்த சைக்கிளிலும் போகலாம். நான் 42 மி.மீ. டியூப்லெஸ் டயரைத்தான் பரிந்துரைப்பேன். 70, 75 கிலோ எடை உள்ளவர் அதில் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. காற்று வைத்தால் கல்லிலும் வலிக்காது, தார் ரோட்டிலும் இழுக்காது. பைகளை ஏற்றிக்கொண்டு போனால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள்.

டயருக்கு அடுத்தது கியர். பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரத்திலும், பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்திலும் பற்கள் சம எண்ணிக்கையிலாவது இருக்க வேண்டும். பின்னது இன்னும் பெரிதாக இருந்தால் மாலை நேரத்தில் உங்கள் முழங்கால் நன்றி சொல்லும்.

தரை எப்படி இருக்கும்? எல்லா இடத்திலும் சரளைதானா?

இல்லை. இங்கே நிலத்தடிப் பாறை மாறினால் பாதையும் மாறிவிடும், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

மோர்வானின் நடுப்பகுதி கருங்கல். அந்தக் கல் காலப்போக்கில் உதிர்ந்து, அரிசிக் குருணை அளவுக்கு ஒரு பழுப்பு மணலாகிறது. அந்த மணல் படிந்த காட்டுச் சாலை மழையைச் சட்டென்று வடித்துவிடும். ராத்திரி முழுக்கப் பெய்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்கு டயர் சரசரவென்று உருளும். கிராவல் சைக்கிளுக்கு இதைவிட நல்ல தரையை நான் பிரான்ஸில் பார்த்ததில்லை.

வடக்கே வெசெலே, க்ளாம்சி பக்கம் வந்தால் சுண்ணாம்புக்கல். காய்ந்திருந்தால் வெள்ளை வெளேரென்று, வேகமாக ஓடும். நனைந்தால் கதை வேறு. வயல் ஓரத்துக் களிமண் டயரில் அப்பிக்கொண்டு, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரத்தையே சுற்ற விடாது. மழைக்காலத்தில் இந்தப் பகுதியில் வயல் தடத்தை விட்டுவிட்டுத் தார் ரோட்டில் போவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது, பாதை எதற்காகப் போடப்பட்டது என்பது. மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட காட்டுச் சாலை அகலமாக, கெட்டியாக, சீரான சரிவோடு இருக்கும். அதிலிருந்து பிரிந்து காட்டுக்குள் நுழையும் தடம், வெட்டிய மரத்தை இழுத்துவரும் இயந்திரத்துக்கானது. வரைபடத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிக் கோடுதான். நேரில் பார்த்தால், இரண்டாவதில் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரப் பள்ளம், அதில் தேங்கிய தண்ணீர், மேலே முறிந்த கிளைகள். அது பல சமயம் எங்கும் போய்ச் சேராது. கடைசி மரத்தை இழுத்த இடத்தோடு நின்றுவிடும். நுழையும் இடத்தில் சரளை கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொட்டியிருந்தால் அது சாலை. வெறும் மண்ணில் பட்டைத் துண்டுகள் சிதறிக் கிடந்தால் அது இழுவைத் தடம். திரும்பிவிடுங்கள்.

பழைய கிராமப் பாதைகள் மூன்றாவது வகை. இருபுறமும் வேலிச்செடி, நடுவில் புல், சில இடங்களில் கல் பாவியது. இவை ஊரிலிருந்து ஊருக்குப் போகும், நடுவழியில் கைவிடாது.

ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் ஏன் இவ்வளவு பாதைகள்?

பாரிஸுக்குக் குளிர் காயவும் சமைக்கவும் விறகு தேவைப்பட்டது. சுற்றியிருந்த காடுகள் தீர்ந்துபோன பிறகு, 16ஆம் நூற்றாண்டிலிருந்து மோர்வான்தான் அந்த நகரத்தின் விறகுக் கிடங்கு. சாலை வழியாக அவ்வளவு விறகைக் கொண்டுபோக முடியாது. ஆகவே ஆற்றில் விட்டார்கள்.

அது நடந்த விதத்தைக் கேளுங்கள். குளிர்காலத்தில் மரத்தை வெட்டி, கட்டைகளாக்கி, ஓடைக்கரையில் அடுக்குவார்கள். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு முத்திரைச் சுத்தியல் உண்டு. கட்டையின் வெட்டுமுகத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தால் அவருடைய அடையாளம் பதியும். மேலே மலையில் தேக்கிவைத்த குளங்களைத் திறந்துவிட்டதும் வரும் வெள்ளத்தில் கட்டைகளை உருட்டிவிடுவார்கள். எல்லோருடைய விறகும் கலந்து க்யூரிலும் யோனிலும் மிதந்து இறங்கும். கீழே க்ளாம்சி போன்ற ஊர்களில் அவற்றைத் தடுத்துப் பிடித்து, முத்திரை பார்த்துப் பிரித்து, நீளமான தெப்பங்களாகக் கட்டி பாரிஸுக்கு ஓட்டிப் போவார்கள். இந்தத் தொழில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது.

இன்று நீங்கள் ஓட்டும் ஓடைக்கரைத் தடங்கள் பலவும், காட்டுக்குள் திடீரென்று எதிர்ப்படும் சிறு குளங்களும் அந்தத் தொழிலின் மிச்சம். செத்தோன் ஏரியே 19ஆம் நூற்றாண்டில் கட்டை மிதக்கவிடத் தண்ணீர் தேக்கக் கட்டியதுதான். இப்போது அங்கே பாய்மரப் படகு விடுகிறார்கள்.

யோன் பற்றி இன்னொன்று. மோந்தரோ என்ற ஊரில் அது செய்ன் நதியில் கலக்கிறது. கலக்கும் இடத்தில் செய்னைவிட யோனில்தான் தண்ணீர் அதிகம். நீரளவை வைத்துப் பெயர் வைத்திருந்தால் பாரிஸ் நடுவே ஓடுவது யோன் என்றுதான் அழைக்கப்பட்டிருக்கும். அந்த நதியின் ஊற்று மோர்வானின் தெற்கே, 700 மீட்டருக்கு மேலே, பீச் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது.

முதல் முறை போகிறவருக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

அவலோனில் தொடங்கி க்ளாம்சியில் முடியும் மூன்று நாள் வழியைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். இரண்டு ஊரிலும் ரயில் நிலையம் உண்டு. ஒரு நாளுக்கு ஏறத்தாழ 50, 60 கி.மீ. வரும், காட்டுக்குள் எவ்வளவு வளைந்து போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

முதல் நாள், அவலோன் கோட்டைச் சுவருக்குக் கீழே குசான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்குங்கள். பழைய மாவு மில்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து தென்கிழக்கே காரே-லே-தோம்ப். அந்த ஊர்த் தேவாலயத்தைச் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட கல் சவப்பெட்டிகள் கிடக்கின்றன, எல்லாம் காலி. ஏன் ஒரே இடத்தில் இத்தனை என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அடுத்து சான்-லெஜே-வோபான். பதினான்காம் லூயியின் கோட்டைக் கட்டுமான வல்லுநர் வோபான் 1633இல் பிறந்த ஊர். அதைத் தாண்டியதும் காடு அடர்த்தியாகிறது. காட்டுக்குள் 1850இல் நிறுவிய பியர்-கி-வீர் என்ற பெனடிக்டின் துறவிகளின் மடம் இருக்கிறது. மடத்திலிருந்து தன்-லெ-ப்ளாஸ் வரையிலான காட்டுச் சாலைகள்தான் இந்தப் பயணத்திலேயே ஓட்டுவதற்கு மிகச் சுகமானவை. செத்தோன் ஏரிக்கரையில் தங்கலாம்.

இரண்டாம் நாள் ஊரூ வழியாகப் பன்சியேர் அணைக்கு. யோன் நதிக்குக் குறுக்கே 1949இல் கட்டி முடித்த இந்த அணையின் முக்கிய வேலை, பாரிஸில் வெள்ளம் வராமல் காப்பது. அதனால் குளிர்கால மழைக்கு இடம் விட்டு, இலையுதிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். அக்டோபரில் போனால் ஏரிக்குப் பதில் பெரிய சேற்றுவெளியைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அணைக்குக் கீழே இருந்து யோன் வாய்க்கால் கிளம்புகிறது. நிவெர்னே கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய இந்த வாய்க்கால் சுமார் 25 கி.மீ. நீளம். மலைச் சரிவை ஒட்டியே, மட்டம் பிசகாமல், ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளே போய் வெளியே வருகிறது. அதன் கரைத்தடத்தில் ஓட்டும்போது ஏற்றமும் தெரியாது, இறக்கமும் தெரியாது. முதல் நாள் முழுக்க ஏறி இறங்கிய கால்களுக்கு அது பெரிய நிம்மதி. மோந்த்ரேயோன் என்ற ஊரில் வாய்க்கால் யோன் பள்ளத்தாக்கையே 33 மீட்டர் உயரத் தொட்டிப்பாலத்தில் தாண்டுகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால், தண்ணீரை நம்பி வாழ்ந்த ஒரு காலம் எவ்வளவு பொறுமையாகக் கல்லை அடுக்கியிருக்கிறது என்று தெரியும். அன்றிரவு பாய் ஏரிப் பக்கம்.

மூன்றாம் நாள் நிவெர்னே கால்வாய். கொலான்செல் அருகே படகுகள் மூன்று சுரங்கங்கள் வழியாகப் போகின்றன. மிக நீளமானது 758 மீட்டர். சைக்கிள்காரர்கள் மேலே காட்டு வழியாகத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகு சார்தியில், படகை ஏற்றி இறக்கும் மதகுகள் 16, படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இறங்குகின்றன. அங்கிருந்து க்ளாம்சி வரை தரை சமம்தான்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் க்ளாம்சியிலிருந்து வெசெலே போய், க்யூர் பள்ளத்தாக்கில் இறங்குங்கள். வெசெலேயின் மகதலேனா பேராலயம் 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஊர் குன்றின் உச்சியில், கடைசி ஏற்றம் கடுமை. கீழே ஆர்சி-சுர்-க்யூரில் ஆதிமனிதர்கள் மம்மூத் என்ற பழங்கால யானையை வரைந்த குகைகள் இருக்கின்றன.

எனக்கு ஏற்றம் பிடிக்காது. பிள்ளைகளும் வருகிறார்கள். கால்வாய் மட்டும் போதுமா?

போதும். ஒசேரிலிருந்து தெற்கே லுவார் நதி வரை 174 கி.மீ. நீளம். பழைய காலத்தில் குதிரைகளும் ஆட்களும் படகை இழுத்துப் போன கரை என்பதால் சரிவு கிடையாது. சில பகுதி தார், சில பகுதி கெட்டித்த மணல், சில பகுதி புல். பிள்ளைகளோடு போனால் ஒசேர் - க்ளாம்சி பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஊர்கள் அடிக்கடி வரும். வழியில் சோசுவா சுண்ணாம்புப் பாறைச் சுவரில் கயிறு கட்டி ஏறுகிறவர்களைப் பார்க்கலாம். தண்ணீர் ஓரம் என்பதால் சின்னப் பிள்ளைகள் மீது மட்டும் கண் இருக்கட்டும்.

காட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாமா? அனுமதி வேண்டுமா?

மோர்வான் காட்டின் பெரும்பகுதி தனியாருடையது. வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் அரசுக் காடு என்று நினைக்க வேண்டாம். ஊராட்சிக்குச் சொந்தமான கிராமப் பாதைகளில் யாரும் போகலாம். குறியிட்ட நடைப்பாதைகள், சைக்கிள் பாதைகளிலும் போகலாம், தடைப் பலகை இல்லாதவரை. தனியார் காட்டுச் சாலையில் உரிமையாளர் பலகை வைத்திருந்தாலோ சங்கிலி கட்டியிருந்தாலோ திரும்புவதுதான் முறை. 2023 பிப்ரவரியில் வந்த சட்டப்படி, தனியார் இடம் என்று தெளிவாகக் குறித்த காட்டில் அத்துமீறி நுழைந்தால் அபராதம் உண்டு.

மாட்டு மேய்ச்சல் நிலத்தைக் குறுக்கே கடக்கும் பாதைகளில் கேட் இருக்கும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். வெள்ளை நிற ஷரோலே மாடுகள் சாதுவானவை, ஆனால் கன்றோடு நிற்கும் பசுவை நெருங்காதீர்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

வேட்டைக் காலத்தில் போனால் ஆபத்தா?

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை வேட்டை நடக்கும். காட்டுப்பன்றியையும் மானையும் ஆட்கள் வரிசையாக விரட்டிக்கொண்டு வர, எதிர்ப்பக்கம் துப்பாக்கியோடு காத்திருப்பார்கள். அப்போது பாதை ஓரத்தில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். ‘ஷாஸ் ஆன் கூர்’ என்று எழுதியிருந்தால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் காட்டுக்குள் போகாதீர்கள். அங்கே நிற்பவரிடம் வணக்கம் சொல்லி எந்த வழியாகப் போகலாம் என்று கேட்டால் பெரும்பாலும் நன்றாகவே வழி காட்டுவார்கள். வார இறுதிகளில் வேட்டை அதிகம். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி கட்டாயம். கறுப்பு உடையில் காட்டுக்குள் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது.

படத்தில் பார்த்த பசுமைக் காடு நேரில் மொட்டையாக இருக்கிறதே, ஏன்?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அரசின் ஊக்கத்தொகையோடு மோர்வானின் ஓக், பீச் காடுகளில் பெரும்பகுதியை அகற்றி ஊசியிலை மரங்களை நட்டார்கள். முக்கியமாக டக்ளஸ். ஐம்பது, அறுபது வருடத்தில் நேராக வளர்ந்து மரக்கட்டைக்குத் தயாராகிவிடும். தயாரானதும் ஒரு சரிவு முழுவதையும் ஒரே வீச்சில் வெட்டுகிறார்கள். 2018க்குப் பிறகு வந்த வறட்சியில் பட்டை துளைக்கும் வண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொன்றதால் இன்னும் பல சரிவுகள் வெறுமையாயின.

இது உள்ளூரில் பெரிய சர்ச்சை. ஒரு பக்கம், காட்டை நம்பிப் பிழைக்கிறவர்கள். மறுபக்கம், சேர்ந்து பணம் போட்டுக் காட்டை விலைக்கு வாங்கி, இலையுதிர் மரங்களை அப்படியே காப்பாற்றுகிற உள்ளூர் மக்கள். எனக்கு இரண்டாமவர்கள் பக்கமே மனம் சாய்கிறது. மொட்டையடித்த சரிவில் ஒரு மழை பெய்தால் போதும், மேல்மண் மொத்தமும் ஓடைக்குப் போய்விடுகிறது. பழைய பீச் காட்டுக்குள் நுழையும்போது வெயில் சட்டென்று தணிவதையும், டக்ளஸ் தோப்பில் ஒரு பறவைச் சத்தம்கூட இல்லாமல் ஓட்டுவதையும் ஒரே நாளில் அனுபவித்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சைக்கிளுக்கு இதனால் வரும் சிக்கல்: போன வருடம் போட்ட ஜி.பி.எஸ். தடம் இந்த வருடம் வெட்டிய கிளைகளுக்கு அடியில் இருக்கலாம். மரம் வெட்டும் இயந்திரம் வேலை செய்யும் இடத்தில் தூரத்திலேயே நில்லுங்கள். ஓட்டுநர் உங்களைப் பார்த்துக் கை காட்டிய பிறகு போங்கள். அடுக்கிவைத்த மரக்குவியல் மேல் ஏறி உட்காராதீர்கள்; ஒரு கட்டை உருண்டால் அத்தனையும் உருளும்.

ஓடைகளைச் சைக்கிளோடு இறங்கிக் கடக்கலாமா? படத்துக்கு அழகாக இருக்குமே.

தயவுசெய்து வேண்டாம். இந்தக் கருங்கல் ஓடைகளில், குறிப்பாகக் குசான் ஆற்றில், முத்து விளையும் ஒரு நன்னீர் மட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. மிகத் தூய்மையான, சில்லென்ற தண்ணீரில் மட்டுமே வாழும். நூறு வருடம்கூட இருக்கும். அதன் குஞ்சுப் பருவம் ட்ரவுட் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு கழிகிறது; பிறகு ஆற்றின் சரளைக்குள் புதைந்து வளர்கிறது. அந்தச் சரளையின் இடுக்கில் வண்டல் அடைத்தால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். வெட்டிய காட்டிலிருந்து வரும் மண்ணும், ஓடைக்குள் சக்கரம் இறங்கிக் கலக்கும் மண்ணும் அதற்கு ஒன்றுதான். ஆற்றுக்கு மீண்டும் உயிர் கொடுக்கப் பூங்கா நிர்வாகம் பழைய தடுப்பணைகளை எடுத்து, ஓடைகளுக்குக் குறுக்கே சிறு பாலங்கள் அமைத்திருக்கிறது. பாலம் இருந்தால் பாலத்தில் போங்கள். இல்லையென்றால் சைக்கிளைத் தோளில் போட்டு, கல்லில் கால் வைத்துத் தாண்டுங்கள்.

தண்ணீர், சாப்பாடு?

தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக வாசலருகே ஒரு குழாய் இருக்கும். பிரான்ஸில் நெடுந்தூர சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. குழாய்மேல் ‘ஓ நோன் பொதாப்ள்’ என்ற பலகை இருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர். உள்ளே யாராவது அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தால் காத்திருந்து, சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

சாப்பாட்டுக்குத் திட்டம் வேண்டும். கிராம உணவகத்தில் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள்தான். இரண்டேகாலுக்குப் போனால் அடுப்பு அணைந்திருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. திங்கட்கிழமை பல பேக்கரிகளுக்கு விடுமுறை. ஆகவே சனிக்கிழமை மாலையே இரண்டு நாளுக்கு உலர்பழமும் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் பையில் இருக்கட்டும். சில ஊர்களில் சாலையோரம் ரொட்டி விற்கும் தானியங்கி இயந்திரம் இருக்கும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

மரக்கறிக்காரர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். இங்கே பன்றி இறைச்சிதான் ஊர்ச் சாப்பாடு. ‘க்ராப்பியோ’ என்ற தடித்த தோசையில்கூடப் பன்றிக் கொழுப்பு இருக்கும். முன்கூட்டியே சொன்னால் ஆம்லெட், சாலட், உருளைக்கிழங்கு செய்து தருவார்கள். காட்டுத்தேன் கிடைத்தால் விடாதீர்கள்.

கூடாரம் போடலாமா?

தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதம் வேண்டும். ஊராட்சி நடத்தும் எளிய முகாம் மைதானங்கள் ஏரிக்கரைகளிலும் கிராமங்களிலும் உண்டு, கட்டணம் குறைவு, வெந்நீர் உண்டு. அவற்றில் பல கோடையில் மட்டுமே திறந்திருக்கும். காட்டுக்குள்ளும் காட்டிலிருந்து 200 மீட்டருக்குள்ளும் நெருப்பு மூட்டச் சட்டப்படி தடை.

எந்த மாதம் நல்லது?

மே நடுவிலிருந்து ஜூன் வரை, பிறகு செப்டம்பர். மோர்வான் மழைக்காடு அல்ல, ஆனால் மேற்கிலிருந்து வரும் மேகம் முதலில் முட்டும் மலை என்பதால் சுற்றுப்புறத்தைவிட நிறைய பெய்யும். ஜூனிலும் மழைச்சட்டை வேண்டும்.

உண்ணி பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். பெரணிச்செடியும் உயர்ந்த புல்லும் உரசும் பாதைகளில் உண்ணி ஏறும்; லைம் நோயைப் பரப்பக்கூடியது. தினமும் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். பிரான்ஸ் மருந்துக்கடையில் உண்ணி எடுக்கும் சிறு கொக்கி கிடைக்கும். எண்ணெய் தடவாமல், நெருப்பு வைக்காமல், கொக்கியால் சுழற்றி எடுக்க வேண்டும். கடித்த இடத்தில் சில நாளோ சில வாரமோ கழித்துச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரைப் பாருங்கள்.

வழியில் கல்வெட்டுகள், கொடிகள் நிறைய இருக்கின்றனவே, எதற்கு?

1944இல் இந்தக் காடு, ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கப் போராளிகளின் மறைவிடம். நீங்கள் ஓட்டும் இதே விறகுத் தடங்களில்தான் இரவில் ஆயுதமும் உணவும் போயின. அதற்குக் கிராமங்கள் கொடுத்த விலை அதிகம். 1944 ஜூன் 26 அன்று ஜெர்மன் படை தன்-லெ-ப்ளாஸில் தேவாலயத்தின் முன் ஆண்களைச் சுட்டது. 27 பேர் இறந்தார்கள். ஊரூ அருகே காட்டுக்குள் ஒரு சிறு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. விழுந்த விமானத்தில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களும் போராளிகளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அந்த இடத்துக்கு முன்பே இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு நடந்து போங்கள். சான்-பிரிசோனில் உள்ள பூங்கா அலுவலக வளாகத்தில் இதற்கான அருங்காட்சியகமும் உண்டு.

வரைபடம், சிக்னல், அவசர உதவி?

காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பிரான்ஸ் அரசின் வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 வரைபடம்தான் நம்பகம். பாதை லாரிக்கானதா நடைக்கானதா என்பதைக் கோட்டின் தடிமனே சொல்லும். அவசரத்துக்கு 112.

பாரிஸிலிருந்து சைக்கிளோடு எப்படிப் போவது?

பெர்சி நிலையத்திலிருந்து வட்டார ரயில். ஒசேர், அவலோன், க்ளாம்சி மூன்றுக்கும் அந்தப் பாதைதான். வழியில் வண்டி மாற வேண்டியிருக்கலாம். வட்டார ரயிலில் சைக்கிளைக் கழற்றாமல் ஏற்றலாம். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் நிறைந்துவிடும், அந்த நேரத்தைத் தவிருங்கள். வேறு திசையிலிருந்து டி.ஜி.வி. அதிவேக ரயிலில் வருவதானால் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், அல்லது சக்கரத்தைக் கழற்றிப் பையில் போட வேண்டும். காட்டுக்குள் சைக்கிள் கடை கிடையாது. பின்கியரைத் தாங்கும் கொக்கி (டெரெய்லர் ஹேங்கர்), பிரேக் பேட், செயின் இணைப்பு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

மோர்வானை முடித்துவிட்டு அப்படியே தெற்கே போக முடியுமா?

முடியும். அவலோனிலிருந்து மத்தியதரைக் கடல் வரை சுமார் 1,380 கி.மீ. நீளத்துக்கு ஒரு குறியிட்ட மலைச் சைக்கிள் பாதை இருக்கிறது. மோர்வானைத் தாண்டி, ஓவெர்ஞ் எரிமலைகள் வழியாக, செவென் மலைகளைக் கடந்து கடலோரம் உள்ள அக்த் முனையில் முடிகிறது. அது மலைச் சைக்கிளை மனதில் வைத்துக் குறியிட்டது. கிராவல் சைக்கிளில் போனால் பாறைப் படிகள் உள்ள பகுதிகளைச் சின்னத் தார் ரோடுகளில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மோர்வானுக்குள் வரும் பகுதியை மட்டும் முதலில் ஓட்டிப் பாருங்கள். வழியில் பெவ்ரே மலை உச்சிக்கு ஏறினால், கி.மு. 52இல் வெர்சின்ஜெத்தோரிக்ஸை, ரோமானியரை எதிர்த்த கோல் (பண்டைய பிரான்ஸ்) படைகளின் தலைவராக உறுதிசெய்த பிப்ராக்ட் நகரத்தின் இடிபாடுகளையும் பார்க்கலாம். 821 மீட்டர், கடைசி ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போக நேர்ந்தால் அது தவறே இல்லை.